உப்பு நாட்டில் நான் கொன்றவன்

எழுபதுகளின் பின்பாதியில் மெல்பேர்னில் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கடைகள் எல்லாம் பூட்டிவிடும். மல்கிரேவில் நான் இருந்த தெரு முனையில் ‘மில்க் பார்’ என்கிற சின்னக் கடை மட்டும் திறந்திருக்கும். அங்கே பாலும் பாணும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினால், திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்வரை நான் ஒருவரோடும் வாய் திறக்கத் தேவையில்லை. பக்கத்து வளவுகளில் புல்லு வெட்டும் மெஷின் இரையும். யாருடையவோ ரேடியோவில் கால்பந்தாட்டம் கேட்கும். திடீரென்று ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்துவார்கள். எதற்குக் கத்தினார்கள் என்று எனக்கு விளங்காது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில், ஆட்கள் அனுப்பும் மாதிரித் துண்டுக்குச் சரியாக நிறம் கலந்து கொடுப்பது என் வேலை. ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் குடியிருந்தேன். தனி வாசல், ஒரு கட்டில், ஒரு கதிரை, இரண்டு எட்டில் முடிந்துவிடும் குசினி.

அந்த வருடம் ஊரில் கலவரம். இங்கே பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி வரும், அவ்வளவுதான். அம்மாவின் கடிதம் வந்துசேர மூன்று கிழமை எடுக்கும். ‘நாங்கள் எல்லாரும் சுகம்’ என்று எழுதியிருப்பா. அது மூன்று கிழமைக்கு முந்திய சுகம். இப்போது எப்படி என்று அறிய வழியில்லை. எல்லாம் எனக்குப் பிந்தியே தெரிந்தது.

ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரன் என் வயதுதான். சிவந்த தாடி வைத்த, எதற்கும் சிரிக்கிற ஆள். ஒருநாள் கேட்டான்:

“சனிக்கிழமைகளில் என்ன செய்வாய்?”

“ஒன்றுமில்லை.”

“அப்படியென்றால் வா. நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். பிடிக்காவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடலாம்.”

அவன் கூட்டிக்கொண்டு போன வீடு என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஒரு நூலகத்தில் வேலை செய்யும் பெண்ணின் வீடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாக வாழ்ந்தார். இடுப்பு எலும்பில் வருத்தம், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமாட்டார். அங்கே இன்னொருவரும் இருந்தார். அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். தினமும் காலையில் என்னை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸின் சாரதி. சனிக்கிழமை ஓட்டம் ஒரு மணிக்கு முடிந்ததும் யூனிஃபோர்ம் சட்டையோடேயே வந்துவிடுவாராம். ஐம்பதை நெருங்கிய, பெரிய கைகள் உள்ள மனிதர். “ஓ, ஆறு ஐம்பது பஸ்!” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அங்கே கிடைத்த முதல் பெயர் அதுதான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஒரு ஆளாக இருப்போம். நம் ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று நாம் சொல்லவேண்டும். முடியுமா முடியாதா என்று தெரியாத இடத்தில் இருபது முகம் உள்ள ஒரு பகடைக்காயை உருட்டுவோம். இந்த மாதிரி விளையாட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது என்றார்கள். ஆனால் அதோடு வந்த விதிகளையெல்லாம் அந்தப் பெண் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஒரு உலகத்தை உண்டாக்கியிருந்தார்.

அதன் பெயர் உப்பு நாடு. கடல் ஒருநாள் பின்வாங்கிப் போய்த் திரும்பி வராத நாடு. கடல் இருந்த இடமெல்லாம் வெள்ளை உப்பு வெளி. வழி தெரிந்தவர் இல்லாமல் அதில் நடந்தால் சாவுதான். சாரதி அங்கே ஒரு வழிகாட்டி. தாடிக்காரன் ஒரு வாள்வீரன். நான் பழைய எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த எழுத்தன். கடல் எங்கே போனது என்று தேடிப்போவதுதான் எங்கள் மூவருடைய பயணம்.

ஆங்கிலத்தில் பேசவே தயங்கும் நான் அந்த மேசையில் பேசினேன். “எழுத்தன் என்ன செய்கிறான்?” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டு, கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துக் காத்திருப்பார். மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் என் பெயரை ஒழுங்காகச் சொன்னவர் ஒருவருமில்லை. இங்கே எழுத்தன் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த ஆங்கிலச் சொல்லை எல்லாரும் பிழையில்லாமல் சொன்னார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை சனிக்கிழமைக்காகத்தான் இருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

மாதத்தில் ஒருமுறை எனக்குச் சோறு போடும் தமிழ் என்ஜினியர் ஒருவர் இருந்தார். “சனிக்கிழமை வாரும் எண்டால் வாறீரில்லை. எங்க போறனீர்?” என்று கேட்டார்.

“ஓவர்டைம் இருக்குதண்ணை.”

“அப்பிடியே? உடம்பையும் பாரும்.”

ஊரில் வீடுகள் எரியும்போது இல்லாத ஒரு கடலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

உப்பு நாட்டின் கடைசி அரசன் ஒரு கோபுரத்தில் இருந்தான். கோபுரத்தின் அடியில் ஒரு நூல். யாரும் திறக்கக்கூடாது என்று அவனுடைய முன்னோர் புதைத்துவைத்த நூல். அதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை என்றார் அந்தப் பெண். ஒவ்வொரு மனிதனும் மனதுக்குள் மறைத்துவைத்திருப்பது அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான்.

“அதில் பொய் இருக்கிறதா?” என்று நான் கேட்டேன்.

“ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் பரவாயில்லையே.”

எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருந்தது. நம் ஆளைப் பற்றி நாமே எழுதிய ஐந்து வரிகள் அதன் அடியில் இருக்கும். யாரில் அன்பு, எதற்குப் பயம், எதை ஒருபோதும் செய்யமாட்டான் என்பது மாதிரி. அந்த நூலில் ஒரு பக்கம் வாசித்தால் அந்த ஐந்தில் ஒன்றை நாமே மையால் வெட்டிவிடவேண்டும். அரசன் நூல் முழுவதையும் வாசித்தவன். யார் எங்கே என்ன நினைக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நாட்டையே விரலசைவில் ஆண்டான். ஆனால் அவனிடம் வந்து ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் அவனுடைய தண்டனை என்று அந்தப் பெண் சொன்னபோது சாரதி மட்டும் தலையாட்டினார்.

என் ஐந்து வரிகளில் கடைசி வரி, ‘கூட நடப்பவனைக் கைவிடமாட்டான்’ என்பது.

குளிர்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில். நான் கிட்ட இருந்ததால் வீட்டுக் கதவின் திறப்பை என்னிடம் தந்தார்.

“பூனைக்குச் சாப்பாடு, செடிகளுக்குத் தண்ணீர். ஹீற்றரைப் போட்டுக்கொள், விறைத்துப்போகாதே. ஒன்றே ஒன்று…” மேசையில் சிவப்பு நாடா கட்டியிருந்த தடித்த ஃபைலைத் தட்டினார். “இதைத் திறக்காதே. உப்பு நாடு முழுக்க இதற்குள் இருக்கிறது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்து தினமும் அங்கே போனேன். பூனை என்னைக் கண்டதும் கால்களில் உரசும். அந்த வீடு சூடாக இருந்தது. புத்தகங்களும் தேயிலையும் மணந்தன. செடிக்குத் தண்ணீர் விட ஐந்து நிமிடம் போதும். நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். என் அறைக்குப் போக மனம் வரவில்லை. ஒன்பது நாள் அந்த ஃபைலைத் தொடவில்லை.

பத்தாம் நாள் அம்மாவின் கடிதத்துக்குப் பார்த்திருந்தேன். வரவேண்டிய கிழமை தாண்டி ஐந்து நாள். தபால்பெட்டியில் மின்சார பில் மட்டும் கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பூனைக்கு வைத்தேன். அவருடைய கதிரையில் இருந்தேன். நாடாவின் முடிச்சை இழுத்தேன். வரைபடத்தை மட்டும் பார்ப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்து வரப்போவது என்ன என்று உலகத்தில் ஒன்றையாவது முன்கூட்டி அறியவேண்டும் போலிருந்தது.

வரைபடத்தில் ஒவ்வொரு பொறியும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றும் மறுக்க முடியவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் வேறு கையெழுத்தில் ஒரு கடிதம். சாரதி எழுதியது.

‘உப்பு வாயிலில் வழிகாட்டி அவர்களை அரசனிடம் விற்கிறான். அரசனின் முத்திரையை இப்போதே அவன் பையில் வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. முக்கியமாக எழுத்தனுக்கு. அவன்தான் என்னை மிகவும் நம்புகிறான்.’

முகம் சூடாகிவிட்டது. தினமும் காலையில் “ஆறு ஐம்பது” என்று சிரித்தபடி எனக்கு டிக்கெட் கிழித்துத் தருகிற மனிதர். என்னை வைத்துச் சிரிக்கத் திட்டம் போட்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கடிதத்தை இருந்த இடத்திலேயே செருகி, நாடாவை முன்பு இருந்த மாதிரியே கட்டினேன். அதற்குப் பிறகும் பல நாள் அந்த ஃபைலைத் திறந்தேன், வழிகளையும் பொறிகளையும் பாடமாக்க. அந்தக் கடிதத்தை மட்டும் திரும்பத் தொடவில்லை.

அம்மாவின் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. எல்லாரும் சுகம்.

அந்தப் பெண் திரும்பி வந்த பிறகு விளையாட்டு மறுபடி தொடங்கியது. எழுத்தன் இப்போது வேறு ஆள். உப்புத்தரை எங்கே உடையும் என்று அவனுக்குத் தெரிந்தது. எந்தக் கிணற்றில் நஞ்சு என்று தெரிந்தது. “எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை, சுற்றிப் போவோம்” என்பேன். அது சரியாக இருக்கும். தாடிக்காரன் மேசையில் அடித்துச் சிரிப்பான். மூன்றாவது கிழமைக்குள் என்ன செய்வது என்று என்னைக் கேட்காமல் அவன் ஒன்றும் செய்வதில்லை. வழிகாட்டியிடம் வழி கேட்பதையே நிறுத்திவிட்டான். சாரதி மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார்.

கோபுரத்தின் அடிக்கும் போனோம். புதைத்த நூல் எங்கள் முன்னால் இருந்தது. “எழுத்தன் என்ன செய்கிறான்?” என்று அந்தப் பெண் கேட்டார். “திறக்கமாட்டான்” என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “என் உலகத்தில் அதைத் திறக்காமல் விட்ட முதல் ஆள் நீ” என்றார். நான் தேநீரைக் குடித்தேன். எனக்கு அந்த நூல் தேவைப்படவில்லை. நான் வாசித்துவிட்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு விளையாட்டு சப்பென்று போய்விட்டது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த பக்கத்தில் நிற்பேன். அவர்கள் பயந்த இடத்தில் எனக்குப் பயமில்லை. அவர்களோடு ஒரே மேசையில் இருந்தபடியே நான் மறுபடி தனியாகிவிட்டேன். ஆனாலும் அந்தப் பலத்தை விட மனமில்லை.

கடல் போன பக்கத்து எல்லையான உப்பு வாயிலுக்கு இன்னும் ஒரு நாள் நடை. வழிகாட்டி முன்னால் போகிறான் என்று அந்தப் பெண் கதையைத் தொடங்கியதும் நான் கையை உயர்த்தினேன்.

“எழுத்தன் நிற்கிறான். வழிகாட்டி எங்களை விற்கப்போகிறான் என்று சொல்கிறான்.”

தாடிக்காரன் திரும்பினான். “என்ன? எப்படித் தெரியும்?”

“அவனுடைய பையில் அரசனின் முத்திரை இருக்கிறது.”

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். தன்னுடைய உலகத்தில் பொய் சொல்ல அவரால் முடியாது. “இருக்கிறது” என்றார் கடைசியில்.

சாரதி பெரிய கைகளை மேசையில் வைத்தார். “நான் ஒன்று சொல்லலாமா? முத்திரை இருக்கிறது, உண்மை. ஆனால்…”

“எழுத்தன் அவனைப் பேச விடமாட்டான்” என்றேன்.

கைகளைக் கட்டி, தண்ணீரைப் பறித்து, உப்பு வெளியில் விட்டுவிட்டுப் போவோம் என்றேன். தாடிக்காரன் கொஞ்சம் யோசித்தான், பிறகு சம்மதித்தான். வழிகாட்டியால் தப்ப முடியுமா என்று பகடைக்காயைச் சாரதியே உருட்டினார். இருபதில் வெறும் இரண்டு விழுந்தது. வழிகாட்டி அன்று வெயில் சாயுமுன் செத்துப்போனான்.

சாரதி கோபப்படவில்லை. “சரி” என்றார். தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தேநீர் கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். தாடிக்காரன் என் முதுகில் தட்டி, “பயங்கரமான ஆள் நீ!” என்றான். அது எனக்கு இனித்தது.

நானும் புறப்படும்போது அந்தப் பெண் கூப்பிட்டார். தாடிக்காரன் போகும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினார்.

“பூனைக்குச் சாப்பாடு வைக்க வந்த நாட்களிலா?”

“எது?”

அவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. என்னை அறியாமல் தமிழிலேயே “ஓம்” என்றேன். அவருக்கு விளங்கிற்று.

“கடிதத்தையுமா? இரண்டு பக்கத்தையுமா?”

“இரண்டு பக்கமா?”

அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். “மறுபக்கத்தை நீ பார்க்கவில்லை.” தனக்குள்ளேயே சொல்வது மாதிரிச் சொன்னார். நான் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் எனக்கு இன்றும் கூச்சம். “இல்லை. அது எனக்கு எழுதிய கடிதம். அவரிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்கிறேன்.”

திறப்பைத் திருப்பித் தரச் சொன்னார். கொடுத்தேன்.

அடுத்த இரண்டு கிழமை நான் பஸ்ஸில் ஏறவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடந்தே வேலைக்குப் போனேன். ஆறு ஐம்பது பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது வேலிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் கடைசியாக நிற்கும் இடம்வரைக்கும் போனேன். மற்ற ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அவர் என்ஜினை நிறுத்தி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

“நான் ஃபைலைத் திறந்து பார்த்தேன்” என்றேன். “உங்கள் கடிதத்தை வாசித்தேன். முதல் பக்கம் மட்டும்.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திரும்பவில்லை.

“அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். முத்திரையை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வீட்டில் யோசித்துப் பார்த்தேன்.”

“மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.”

சிகரெட்டை இழுத்தார். பஸ் திரும்பப் புறப்பட அங்கே ஏழு நிமிடம்தான் இருந்தது. அதில் மூன்று நிமிடம் போயிருக்கும்.

“எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அடிலெய்டில். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, பால் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். திரும்பிப் போகவில்லை. இப்போது அவளுக்குப் பதினொன்று.” சாம்பலை ஜன்னலுக்கு வெளியே தட்டினார். “போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாது. வாயே வராது. வழிகாட்டி உங்களை விற்றுவிட்டு, அடுத்த கிழமை திரும்பி வந்து உங்கள் முன்னால் நின்று, தான் செய்ததைச் சொல்வதாக இருந்தது. ஒருதடவையாவது சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்கலாம் என்று.”

“எழுத்தனிடமா?” என்று மட்டும் கேட்டேன்.

“உன்னிடம்தான். நீ நல்லவன் என்று நினைத்தேன்.” அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். வேறு சொல் எனக்கும் வரவில்லை. அவர் “ம்” என்று சிகரெட்டை அணைத்தார். “ஏழு நிமிடம் ஆகிவிட்டது. நீ இதிலேயே திரும்பி வருகிறாயா?”

“ஓம்.”

பின் சீற்றில் போய் இருந்தேன். என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.

சனிக்கிழமை விளையாட்டு அத்தோடு நின்றது. நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் உடம்பு சரியில்லை என்றார், பிறகு அழைக்கவில்லை. ஒருமுறை நூலகத்துக்குப் போனபோது என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பூனையைப் பற்றிக் கேட்டேன். நலம் என்றார். நடந்தது என்ன என்று தாடிக்காரனுக்கு முழுவதும் தெரியாது. விளையாட்டு நின்றதில் அவனுக்கு மனக்கவலைதான், ஆனால் ஒரு மாதத்தில் வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

மாயநாட்டுக் கதைகளில் இருண்ட கோபுரத்தில் இருக்கும் அரசன் ஏன் அப்படியானான் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. அவனுக்கும் குளிர்ந்திருக்கும். அவனுக்கும் ஒரு கடிதம் வராமல் இருந்திருக்கும்.

மறுபடி பஸ்ஸில் போகத் தொடங்கினேன். சாரதி டிக்கெட் தருவார், தலையை அசைப்பார். ‘ஆறு ஐம்பது’ என்று அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. இப்படியே கோடை வந்தது. ஒரு கிழமை முழுக்க வேறு ஒரு சாரதி வந்தார். அடுத்த திங்கள் பழைய ஆள் இருந்தார். முகம் வெயிலில் சிவந்து உரிந்திருந்தது. நான் காசை நீட்டும்போது தாழ்ந்த குரலில், “அடிலெய்டுக்குப் போய்வந்தேன்” என்றார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் நகரவில்லை. “மகளைப் பார்த்தீர்களா? என்ன சொன்னாள்?”

அவர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

“அதை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை.”

கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஜன்னலோரமாக இருந்தேன். அடுத்த வருடம் வேலை மாறி சிட்னிக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை கதவைத் திறந்தாளா, அவருக்கு அந்தச் சொற்கள் வந்தனவா என்று எனக்குத் தெரியாது.